விபூதித் தட்டில் பார்த்த செக் நாட்டுப் படம்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு கார்த்திகையிலும், தீபம் பார்த்துவிட்டு வந்து எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். மறுநாள் கடையில் கற்பூரம் நிறுத்துக் கொடுக்கவே கை சரியாக இருக்கும். அதைச் சாக்காக வைத்துக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு. நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கோயிலுக்குப் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறவன், ஒரு வெள்ளைக்காரப் பெண் முத்தம் கொடுத்ததைப் பற்றி எழுதினால் யார் அவனிடம் ஊதுபத்தி வாங்குவார்கள்?

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. நான் திரையைக் கிழித்தேன் என்று ஒரு கதை. போலீஸ் வந்தது என்று ஒரு கதை. படத்தில் ஒருவர் உடம்பிலும் துணியே இல்லை என்று இன்னொன்று. போன மாதம் ஒருவர் என் கடைக்கே வந்து, நான்தான் அந்த ஆள் என்று தெரியாமல், "தட்டாலயே ஆபரேட்டர் மண்டையில ஒண்ணு உட்டாராம்ங்க அந்தப் பெரியவரு" என்று என்னிடமே சொன்னார். "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு சாம்பிராணியைக் கட்டிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. அப்பா போய்விட்டார்; தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற பொறுப்பு என் தலையில். அவள் பத்தாவது தேறியவள், டைப்ரைட்டிங் தெரியும். எனக்கும் அவளுக்கும் வயதில் நல்ல வித்தியாசம், வாயில் அதைவிட. என் வாய் நமசிவாய சொல்லும்போதுதான் திறக்கும். அவள் வாய் அப்போது மட்டும்தான் மூடியிருக்கும். வந்த வரன்கள் எல்லாம் அவளிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு ஒரு கேள்வி வாங்கிக்கொண்டு போனவர்கள்தான்.

அப்போது ஒரு வரன் வந்தது. பையன் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், வேர்க்கடலை பயிர் வைக்கிற குடும்பம். எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பாதான் பேசினார்.

"எங்க வூட்ல ஒழுக்கம் ஜாஸ்தி. என் பையன் இன்னி வரைக்கும் சினிமா கொட்டா வாசல மிதிச்சதில்ல."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் காபி கொண்டுவந்த என் தங்கை நேராக அவனையே கேட்டுவிட்டாள்.

"ஸ்டேஷன்ல உங்களுக்கு இன்னா வேல?"

"வண்டி வந்தா கொடி காட்டணும்ங்க."

"வராதப்ப?"

"வரும்னு பாத்துக்கினே இருக்கணும்."

அவள் சிரித்த சிரிப்பில் காபி தட்டிலேயே கொட்டியது. என் மனைவி என்னைப் பார்த்தாள். இதுவும் போச்சு என்றுதான் நினைத்தோம். ஆனால் பையனும் சிரித்தான். போகும்போது அவன் அப்பா, "வூட்ல கலந்து பேசிட்டு ஞாயித்துக்கெழம வர்றோம். அப்ப பதில் சொல்றோம்" என்றார். அன்று சாயங்காலம் தங்கை என் மனைவியிடம், "அண்ணி, அவரே போதும்" என்றாளாம். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். அண்ணாமலையாரே, ஞாயிற்றுக்கிழமை நல்ல பதில் வரவேண்டும்.

இதற்கு நடுவில்தான் படம் வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்தார். தோளில் ஜோல்னாப் பை, முகத்தில் பாதித் தாடி. நம் ஊர்ச் சினிமாவைப் பார்த்து ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள், வெளிநாட்டுப் படம் காட்டித் திருத்த வேண்டும் என்று ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். அவர்கள் மெட்ராஸிலிருந்து ஒரு படப்பெட்டி வரவழைத்தார்கள். செக் நாட்டுப் படம். அந்த நாட்டில் பேர்போன ஒரு நாவலைப் படமாக எடுத்தது. யுத்த காலத்தில் ஒரு பையன் வாலிபனாகிற கதை. உலகமே கொண்டாடியது என்றார்கள். பெயர் என் வாயில் நுழையவில்லை. காட்டுவதற்கு இடம் வேண்டும். கொட்டகைக்காரர்கள் தர மாட்டேன் என்றதும் எங்கள் பக்த சபையின் கல்யாண மண்டபத்துக்கு வந்தார் ஆசிரியர்.

சபையின் செயலாளர் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் மனு வாங்குகிற கை ஓயவில்லை. சபை கூடியது. உறுப்பினர் என்ற முறையில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"கதை இன்னா?" என்றார் செயலாளர்.

"ஒரு பையன் வாலிபனாகிற கதைங்க ஐயா."

"ஆகட்டும். நல்லதுதான். ஆகறத மட்டும் காட்ட வேணாம்."

ஆசிரியர் தாடியைச் சொறிந்தார். "ரெண்டு இடத்துல கொஞ்சம் முத்தம் கித்தம் வரும்ங்க. கலையா எடுத்திருக்காங்க."

"கலை இருக்கட்டும். முத்தம் வேணாம். அப்பறம் இன்னொண்ணு. இது கல்யாண மண்டபம். அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் சொல்லியாச்சு. தாலி கட்ற எடத்துல சாவு காட்டக் கூடாது."

"ஐயா, இது யுத்தப் படம்!"

"யுத்தம் நடக்கட்டும்யா. யாரு வேணான்னது? சாவு வேணாம்."

அந்தக் காலத்தில் டூரிங் கொட்டகைகளில் கோளாறான காட்சி வந்தால் ஆபரேட்டர் மெஷினுக்கு முன்னால் கையை வைத்து மறைப்பது எல்லாரும் அறிந்த வழக்கம். அதே மாதிரி செய்துவிடலாம் என்று முடிவானது. கையை வைப்பது யார்? ஆபரேட்டர் மெட்ராஸ் ஆள், நம்ப முடியாது. சங்கத்து ஆட்கள் படம் பார்க்கத்தான் துடிக்கிறார்கள். சுற்றிப் பார்த்த செயலாளர் கண் என் நெற்றியில் வந்து நின்றது.

"நம்ம சாமி இருக்காரே! சினிமா ஆசையே இல்லாத மனுஷன். அவர் மறைப்பாரு."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆசிரியர் மட்டும் பரிதாபமாகப் பார்த்தார். இடம் கிடைத்தால் போதும் என்று அவரும் தலையாட்டினார்.

நான் செய்த முட்டாள்தனம் அதற்கு மேல். படம் ஒரு ரயில்வே ஸ்டேஷனில் நடக்கிறது என்று ஆசிரியர் வாயில் கேட்டதும் என் புத்தி ஓடியது. மாப்பிள்ளை ரயில்வே. படமும் ரயில்வே. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல எப்படியும் வருகிறார்கள். காலையில் மண்டபத்தில் மரியாதையாக உட்காரவைத்துப் படம் காட்டி, வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டால் சம்பந்தம் கெட்டியாகிவிடும் என்று நானே அவர்கள் ஊருக்குப் போய் அழைத்துவிட்டு வந்தேன்.

"சினிமாவா?" என்று பையனின் அப்பா முகத்தைச் சுளித்தார்.

"ரயில்வே படம்ங்க. வெளிநாட்டு ஸ்டேஷன் எப்படி நடக்குதுன்னு."

"அப்ப அது வேல சம்பந்தப்பட்டது. சரி, வர்றோம்."

பக்கத்தில் நின்ற பையன் முகம் வெளுத்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சினிமா கொட்டகை வாசலை மிதிக்காத அந்தப் பிள்ளை, ஆசிரியரின் சங்கத்தில் முதல் ஆளாகச் சேர்ந்தவன் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து படப்பெட்டியை இறக்கிச் சுமந்து வந்ததே அவன்தானாம்.

மண்டபத்து ஜன்னல்களை எல்லாம் கல்யாண ஜமக்காளத்தால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பழைய முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் வாடித் தொங்கியது. எனக்கு ஒரு பெரிய பித்தளைத் தட்டு கொடுத்தார்கள். செயலாளர் அதோடு விடவில்லை. விபூதியைத் தண்ணீரில் குழைத்துத் தட்டு முழுக்கப் பூசினார். "இத தாண்டி ஒரு ஆபாசமும் போவாது" என்றார். வெயிலில் காயவைத்ததும் தட்டு சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று ஆனது. அதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சபையின் வழக்கப்படி முதலில் வெள்ளைத் திரைக்குக் கற்பூரம் காட்டினோம். "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்று மண்டபமே எழுந்து நின்றது. ஆசிரியரும் எழுந்தார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. "மனுஷன் படத்த உடுவானா மாட்டானா" என்று பின்னால் ஒருவர் கேட்டதும்தான் உட்கார்ந்தார்.

ஜனங்களுக்குப் பின்னால், நடுவழியில், மேஜை மேல் மெஷின். நான் அதற்கு இரண்டு முழம் முன்னால் பக்கவாட்டில் தட்டோடு நின்றேன். ஆபரேட்டர் இந்தப் படத்தைப் பல ஊரில் ஓட்டியவர். வரப்போவது அவருக்குத் தெரியும். "சாமி, நான் சொல்றப்ப நீட்டு" என்றார். முன்வரிசையில் பையனின் அப்பா, பக்கத்தில் பையன். பெண்கள் பக்கம் என் மனைவி, தங்கை, பையனின் அம்மா. நான் ஒன்றே ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தேன். ஒரு முத்தம் தப்பித்துத் திரையில் விழுந்தால் அந்த அப்பா எழுந்து போய்விடுவார். என் தங்கையின் வாழ்க்கை என் கையில் இருக்கிற தட்டில் இருக்கிறது.

படம் ஓடியது. கறுப்பு வெள்ளை. சின்ன ஸ்டேஷன், பனி, புகை. தொப்பி காதுவரை இறங்கிய ஒரு பையன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். யுத்தச் சாமான் ஏற்றிய வண்டிகள் வரும், போகும். அவன் கொடியோடு நிற்பான். அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. அதை எங்களில் யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நம்ம ஸ்டேஷன் மாதிரியே கீதுடா. வண்டியும் இல்ல, ஆளும் இல்ல" என்றார் ஒருவர்.

திடீரென்று திரையில் வழவழவென்று ஏதோ ஒரு வெற்று உடம்பு தெரிந்தது. ஆபரேட்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டை நீட்டிவிட்டேன். மண்டபம் இருண்டது.

"யோவ், கொழந்தைய குளிப்பாட்றாங்கய்யா!" என்று கத்தினார் ஆசிரியர்.

"சாமி, தட்ட எடுங்க! பச்சக் கொழந்த!"

தட்டை எடுத்தேன். குழந்தை குளித்து முடித்துத் துணி உடுத்தியிருந்தது. மண்டபமே சிரித்தது. பையனின் அப்பா மட்டும் திரும்பி என்னைப் பார்த்து, பரவாயில்லை, இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதுபோலத் தலையசைத்தார். பெண்கள் பக்கம் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் போனது. "சாமி, வருது" என்றார் ஆபரேட்டர். தட்டை நீட்டினேன். திரையில் இருட்டு. அப்போதுதான் கவனித்தேன். படம் நிற்கவில்லை. என் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. விபூதி காய்ந்த வெள்ளையில், ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல மங்கலாக, ஆனால் ஆள் தெரிகிற அளவுக்கு. ஊருக்கு மறைத்தது முழுக்க எனக்கு மட்டும் விழுந்துகொண்டிருக்கிறது! கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தால், எப்போது எடுப்பது என்று எப்படித் தெரியும்? ஆபரேட்டரோ ஃபிலிம் சுருளில் கண்ணாக இருந்தார். சிவசிவா என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். அந்த ஸ்டேஷனில் விளக்கு வைக்கிற அறை. ஒரு பெண் அந்தப் பையனின் தொப்பியைக் கழற்றினாள். முத்தம் கொடுத்தாள்.

தட்டில் பட்ட வெளிச்சம் சிதறி, சுவரில் மாட்டியிருந்த அண்ணாமலையார் படத்தின் மேல் விழுந்து ஆடியது. ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "அரோகரா" என்று கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து நாலைந்து பேர் தூக்கினார்கள்.

இப்படி இன்னும் ஒரு தடவை. அப்புறம் கடைசி. ஆபரேட்டர் மெதுவாக, "சாமி, இது சாவு. வெச்சுக்கோ" என்றார். வைத்தேன். சத்தத்தை மறைக்கத் தட்டால் முடியுமா? ஒரு வெடி கேட்டது. பனி நாளில் டிரைவரை எச்சரிக்க ரயில் பாதையில் வைக்கிற பட்டாசு என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் பார்த்தேன். அந்தப் பையன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், பனியில் விழுந்தான். அவன் தொப்பி தனியாக உருண்டது. தட்டிலிருந்து விபூதி உதிர்ந்தது. அவன் பெயர் தெரியாது, பாஷை தெரியாது. உதிர்ந்ததைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, அண்ணாமலையாரே, இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றேன். அது இறந்துபோனதாக நடித்த பிள்ளை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டை எடுத்தபோது திரையில் ஒரு ரயில் புகைவிட்டுக்கொண்டு போனது. அந்தப் பெண் ரயில் கிளப்பிய காற்றில் நின்றாள். படம் முடிந்தது.

ஜமக்காளத்தை விலக்கினார்கள். வெளிச்சம் வந்ததும் விவாதம். சங்கத்தின் விதியாம் அது. முத்தத்தையும் சாவையும் எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிச்சம் இருக்கும்? ஒரு பையன் வேலைக்கு வருகிறான், வண்டிக்குக் கொடி காட்டுகிறான், கடைசியில் வண்டி போகிறது. முதலில் எழுந்தவர், "இது அவங்க ஊரு ரயில்வே இலாகா எடுத்த விளம்பரம்ங்க" என்றார். இன்னொருவர், "நல்லாதான் எடுத்திருக்கான். ஆனா ஒரு ஆளு கூட டிக்கெட் வாங்கல பாருங்க" என்றார். செயலாளர் எழுந்து, "ஆபாசம் இல்லாம, சாவு இல்லாம யுத்தப் படம் எடுக்க முடியும்னு வெள்ளைக்காரன் காட்டிட்டான். நம்மாளுங்க கத்துக்கணும்" என்று முடித்தார். ஆசிரியர் திரையை மடித்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

பையனின் அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இன்னா ஒழுக்கமான படம்! பையன் ஒழுங்கா வேல பாத்தான், கடைசில ரயிலேறி ஊருக்குப் போய்ட்டான். அப்பா அம்மாவ பாக்கத்தான் போயிருப்பான். கொழந்த குளிக்கறதக் கூட மறைச்சீங்களே, அங்கயே முடிவு பண்ணிட்டேன். இந்த வூட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு."

என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்து இலை போட்டோம். ஆனால் பையன் பேசவில்லை. பாயசத்தைத் தொடவில்லை. "அவன் இன்னா சொல்றது, நான் சொன்னா ஆச்சு" என்று சொல்லிவிட்டு அவன் அப்பா கூடத்தில் படுத்துக் குறட்டைவிட ஆரம்பித்தார். சமையல் கட்டில் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவங்கப்பாவ நான் கட்டிக்கப் போறதில்ல. அவரு வாயால சொல்லட்டும்."

"அவரு வாயே தெறக்கலம்மா."

"நீ தட்ட வெச்சு மூடிட்ட, அதான்."

வீட்டுக்கு முன்பக்கம்தான் கடை. போய் உட்கார்ந்தேன். உச்சி நேரம், கோயில் நடை சாத்தியிருந்ததால் தெருவில் ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் பையன் வந்து நின்றான். வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க தம்பி."

"பெட்டி மத்தியான பஸ்ல போய்டுச்சு. இனிமே அந்தப் படம் நம்ம ஊருக்கு வராது. என்ன மாதிரியே ஒருத்தன்னு எங்க சங்கத்து வாத்தியார் சொன்னதுலேர்ந்து காத்துக்கினு இருந்தேன். நீங்க மட்டும்தான் முழுசா பாத்தீங்க."

"நானா? நான் எங்க பாத்தேன்?"

"உங்க மூஞ்சில வெளிச்சம் அடிச்சிது சார். நான் திரும்பிப் பாத்தேன்."

நான் டப்பாவில் இருந்த கற்பூர வில்லைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"அவன் விளக்கு ரூமுக்குள்ள போனான், தட்டு வந்துடுச்சு. உள்ள இன்னா நடந்துச்சு?"

கோபுரத்தைப் பார்த்தேன். தொங்கவிட்டிருந்த ருத்ராட்ச மாலைகளைப் பார்த்தேன். வரப்போகிற மச்சானிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவன் கண்ணைப் பார்த்தால், பதில் சொல்லாவிட்டால் அப்படியே கிளம்பிப் போய்விடுவான் என்று தெரிந்தது.

"முத்தங்க."

"யாரு?"

"அந்தப் பொண்ணுதாங்க. தொப்பிய கழட்டிட்டு."

"அவன்?"

"அவருக்குக் கைய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியலங்க. கொடிய புடிச்சிக்கினே நின்னாரு."

பையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை அவனும் அடையாளம் கண்டுகொண்டான். காது சிவந்துவிட்டது.

"கடைசில?" என்றான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சம்மதம் கேட்கிற நேரம். வீட்டில் மங்கலக் காரியம் பேசிக்கொண்டிருக்கிறோம். ரயில்வேயில் வேலை செய்கிற பையனிடம், ரயில்வேயில் வேலை செய்த பையன் செத்துப்போனான் என்று எந்த வாயால் சொல்வது? அபசகுனம் என்று அவனே கிளம்பிப் போனால்?

கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்துவிட்டாள். "ரயிலேறி ஊருக்குப் போய்ட்டாரு இல்லண்ணா?" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"சொல்லுங்க சார்," என்றான் பையன். "மண்டபத்துல தட்டு இருந்துச்சு. இங்க இல்ல."

சொன்னேன். வெடிச் சத்தம் பட்டாசு இல்லை, துப்பாக்கி என்றேன். பனியில் விழுந்ததைச் சொன்னேன். தொப்பி உருண்டதைச் சொன்னேன். அந்தப் பெண் அது தெரியாமல் காற்றில் நின்றதையும் சொன்னேன். விபூதி வைத்துக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கும் சாமிக்கும்.

ஏட்டிக்குப் போட்டி பேசுகிற என் தங்கை, கல்லாப்பெட்டி ஓரமாக நின்று அழுதாள். பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உங்களுக்கு என்னக் கட்டிக்க சம்மதமா?" என்றான்.

"அழுவறப்பதான் கேப்பீங்களா? மூக்க சிந்திட்டு வர்றேன், இருங்க" என்றாள் அவள்.

மூக்கைச் சிந்திவிட்டு வந்து சம்மதம் சொன்னாள்.

கல்யாணம் அதே மண்டபத்தில்தான் நடந்தது. செயலாளர் சபையின் சார்பில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். "இந்த ஊர் மானத்தைத் தட்டு வைத்துக் காத்தவர்" என்று மைக்கில் பேசினார். அதோடு என் மரியாதை எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூட நாடகத்துக்கு என்னைத் தட்டோடு கூப்பிட்டார்கள். அடுத்த சில வருஷத்தில் வீடியோ டெக் வந்தபோது, வாடகைக்கு எடுத்து வைத்தவர்கள் எல்லாம், "சாமி, கொஞ்சம் பக்கத்துல குந்துங்க" என்று கூப்பிட்டார்கள். கண் முன்னால் டிவிப் பெட்டி, அதற்கு முன்னால் நான். பின்னால் உட்கார்ந்தவர்கள் என் முதுகைப் பார்த்தார்கள்.

ஆனால் கல்யாணத்தன்று ஒன்று நடந்தது. தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கச் சுற்றிவருவோம் அல்லவா, அதற்குச் செயலாளர் அதே பித்தளைத் தட்டைத்தான் எடுத்துக் கொடுத்தார். ராசியான தட்டாம். பையனின் அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மணையில் இருந்த இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். முத்தமும் சாவும் விழுந்த தட்டு அது என்று அந்த மண்டபத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். தங்கையும் மச்சானும் பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறார்கள். அபசகுனம் எதுவும் வந்து ஒட்டவில்லை. இன்றைக்கும் மச்சான் டியூட்டிக்குக் கிளம்பும்போது தங்கை வாசலில் நின்று, "தொப்பி பத்திரம்" என்பாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். எழுதியபடியே சொல்ல வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். நான் யாரையும் தட்டால் அடிக்கவில்லை. போலீஸ் வரவில்லை. படத்தில் வந்த பெண் முழங்கால் மறைகிற பாவாடைதான் உடுத்தியிருந்தாள். முத்தத்தைக் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தப் பையன் ரயிலேறி ஊருக்குப் போனான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் பனியில் விழுந்தான். நான் பார்த்தேன்.